நேரம் தவறாத பஸ்
(டி. வி. சுந்தரம் அய்யங்கார் வரலாறு)

சென்ற ஆண்டு நம் சங்கத்தார் டயமண்ட் ஹார்பருக்குப் புறப்பட்ட கதையை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காலை ஆறு மணிக்கு விடுதி வாசலில் பஸ் நிற்கும் என்று வாடகைக்கு விடுபவர் வாக்களித்திருந்தார். முன்பணமும் கொடுத்தாகி விட்டது. நாற்பது பேர் புளியோதரைத் தூக்குகளுடன் எட்டரை மணி வரை தெருவைப் பார்த்தபடி நின்றோம். அதே பஸ்ஸை அதே காலையில் ஒரு கல்யாண கோஷ்டிக்கும் அவர் ஒப்புக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவரிடம் இருந்தவை நான்கே வண்டிகள். கணக்கு நோட்டும் ஒன்று வைத்திருந்தார். அதில் எந்த நாள், எவ்வளவு தொகை என்று எழுதியிருந்ததே தவிர, எந்த வண்டி என்று எழுதவில்லை.

அன்று வாசலில் நின்றபோது, மதுரையிலிருந்து இங்கு வந்து படிக்கும் நண்பர் ஒருவர், தம் பாட்டனார் டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துத்தான் வீட்டுக் கடிகாரத்தைத் திருத்தி வைப்பார் என்றார். எல்லோரும் சிரித்தோம், நேரம் அப்படிப்பட்டது. ஆனால் மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் பலரும் இதையே சொல்லக் கேட்டபின், அந்தப் பஸ்ஸின் சொந்தக்காரரைப் பற்றி அறிய ஆவல் கொண்டேன்.

திருக்குறுங்குடி நெல்லைச் சீமையில் மலையடிவாரத்தில் உள்ள வைணவத் திருப்பதி. அவ்வூர்க் குடும்பம் ஒன்றில் 1877-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் சுந்தரம் அய்யங்கார் பிறந்தார். தந்தையார் விருப்பப்படி முதலில் வழக்கறிஞர் தொழிலில் இறங்கினார். பின்னர் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தார். அதற்குப் பின் ஒரு வங்கியில். அக்காலத்தில் மாதச் சம்பள உத்தியோகம் என்றால் குடும்பத்திற்கே பெருமை. அதை உதறிவிட்டு வியாபாரம் செய்யப் புறப்பட்டவரை உறவினர் எவ்வளவு ஏசியிருப்பார்கள் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம். 1911-ல் மதுரையில் தம் பெயராலேயே கம்பெனியைத் தொடங்கினார். அதற்கு அடுத்த ஆண்டே தென்னாட்டுச் சாலையில் அவருடைய பஸ் ஓடலாயிற்று.

1912-ஆம் ஆண்டில் பஸ் ஓட்டுவது என்றால் என்ன? சாலை மாட்டு வண்டிக்காகப் போட்டது. வண்டியும் அதன் உறுப்புகளும் கடல் கடந்து வரவேண்டும். ஒரு சிறு சாமான் உடைந்தால் கப்பல் வரும்வரை காத்திருக்கலாம். மோட்டாரில் ஏறுவதற்கே ஜனங்களுக்குப் பயம். இந்நிலையில் பஸ் முதலாளிக்கு எளிய வழி ஒன்று உண்டு: ஆள் நிறையும் வரை நிறுத்தி வைத்து, நிறைந்தபின் எடுப்பது. ஒரு நடைக்கும் நஷ்டம் இராது.

அந்த வழியின் கோளாறு கல்கத்தாவில் இருக்கும் நமக்குப் புதிதன்று. இந்நகரத்துத் தனியார் பஸ்களில் ஓட்டுபவருக்கும் சீட்டுக் கொடுப்பவருக்கும் அன்றைய வசூலில் பங்கு. ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆமைபோல் ஊர்ந்து ஆள் சேர்ப்பார்கள். பின்னால் அதே தடத்து வண்டி தலை காட்டியதும் சிறுத்தைபோல் பாய்வார்கள். எஸ்பிளனேடில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தத் தொழிலாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. கூலியே கூட்டத்தைப் பொறுத்தது என்றால் கடிகாரத்தை யார் பார்ப்பார்கள்?

அய்யங்கார் கடிகாரத்தின் பக்கம் நின்றார். சொன்ன நேரத்திற்கு வண்டி கிளம்புவதே டி.வி.எஸ். என்னும் மூன்றெழுத்துக்குப் பொருள் என்று ஜனங்கள் நம்பும்படி செய்தார். ரயில்வேயில் இருந்த நாட்களில் இந்தப் பழக்கம் அவரைத் தொற்றிக்கொண்டதோ என்று எனக்கு ஓர் ஐயம். காலி ஆசனங்களுடன் ரயில் கிளம்பினால் யாரும் அதிசயப்படுவதில்லை. பஸ் கிளம்பினால் முதலாளிக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலைச் சில ஆண்டுகள் தாங்கிக்கொண்டால், பிறகு சந்தைக்குப் போகிறவரும் கோர்ட்டுக்குப் போகிறவரும் அந்த நேரத்தை நம்பித் தாமே வந்து ஏறுவார்கள்.

நேரத்தைக் காப்பது வாய்ச்சொல்லால் ஆகிற காரியமன்று. இருப்பவை பத்து வண்டிகள் என்றால் பத்தையும் சாலையில் விட்டுவிடக் கூடாது. ஒன்று கொட்டகையில் சும்மா நிற்கவேண்டும். பார்ப்பவருக்கு அது வீண் முதல். ஆனால் காலை நடையில் ஒரு வண்டி படுத்துவிட்டால், அது திரும்பி வந்து செய்யவேண்டிய பகல் நடையும் மாலை நடையும் சேர்ந்தே படுத்துவிடும். சும்மா நிற்கும் அந்த ஒரு வண்டிதான் மற்ற ஒன்பதின் வாக்கைக் காப்பாற்றுகிறது. நமக்கு வாய்த்த நான்கு வண்டி முதலாளியோ நான்கு வண்டிக்கு ஐந்து வாக்குக் கொடுத்தவர்!

அக்காலத்தில் வண்டியைப் படுக்கவைக்கும் முதல் எதிரி ஆணி. மாடுகளின் லாடத்திலிருந்து கழன்று சாலையெங்கும் சிதறிக் கிடக்கும் ஆணிகள் டயரைப் பதம் பார்த்துவிடும். பஞ்சர் ஒட்டி முடிப்பதற்குள் அரை மணி போய்விடும். இதற்கு அய்யங்கார் கண்ட வழி மதுரைப் பக்கம் இன்றும் கதையாகச் சொல்லப்படுகிறது. ஒரு வண்டியில் காந்தங்களைப் பொருத்திச் சாலையில் ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்கி எடுக்கச் செய்தாராம். மற்றவர்கள் பஞ்சர் ஒட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, பஞ்சரே ஆகாமல் இருக்க வழி தேடியவர் அவர்.

இரண்டாம் உலகப் போர் வந்தது, பெட்ரோல் போயிற்று. பஸ் முதலாளிகள் பலர் தவித்த அந்நாளில் டி.வி.எஸ். தன் பட்டறையிலேயே கரிவாயுக் கருவி செய்தது. அடுப்பில் மரக்கரியை அரைகுறைக் காற்றில் எரித்து, வரும் வாயுவை இன்ஜினுக்குச் செலுத்துவது அதன் முறை. ஓட்டுபவருக்கு அது பெருந்தொல்லை. முன்னதாகவே வந்து அடுப்பு மூட்டவேண்டும், சாம்பல் அள்ளவேண்டும். மேட்டில் இன்ஜின் முனகும். ஆயினும் வண்டி ஓடிற்று. தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் போடும் தொழிலும் போர்க்காலத்திலேயே தொடங்கியது.

வீட்டிலும் அவர் ஊர் வழக்கத்திற்குக் கட்டுப்படவில்லை. மகள் சௌந்தரம் இளம் வயதில் கணவரை இழந்தார். பெற்றோர் அவரை மூலையில் உட்கார வைக்காமல் டில்லிக்கு மருத்துவம் படிக்க அனுப்பினர். அந்த அம்மையார் 1936-ல் டாக்டரானார், 1940-ல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947-ல் கணவருடன் காந்திகிராமத்தை நிறுவினார். மைந்தர்கள் ராஜம், சந்தானம், ஸ்ரீநிவாசன், கிருஷ்ணா ஆகியோர் தொழிலை ஏற்றார்கள்.

1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் அய்யங்கார் மறைந்தார். பிரேக், சக்கரம், மின்கருவி என்று அக்குடும்பத்தின் பெரிய ஆலைகள் எழுந்தது அதற்குப் பின், 1960-களின் தொடக்கத்தில். அவர் கண்ட பஸ்கள் நெடுநாள் அவர் பெயரில் ஓடவில்லை. அரசு தடங்களை எடுத்துக்கொண்டபோது, 1972-ல் அவை பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் வண்டிகளாயின. பெயர் போனாலும், அந்த மூன்றெழுத்தைச் சொன்னதும் மணிக்கட்டைப் பார்க்கும் முதியவர்கள் மதுரையில் உண்டு.

இவ்வாண்டுப் பயணம் ஷிப்பூர் தாவரவியல் தோட்டத்திற்கு. முன்பணம் கொடுக்குமுன் வண்டியின் எண்ணையும், அது பழுதானால் வரவேண்டிய மாற்று வண்டியின் எண்ணையும் எழுதி வாங்கியிருக்கிறோம். இரண்டையும் விடுதிப் பலகையில் காணலாம். காலை ஆறு மணி.