ஐயம் தீர்த்த வீரர்

உற்ற நண்பரை ஆராயாது ஐயுறுதல் பெரும்பிழை. அப்பிழையால் அரியதோர் உயிர் மாய்ந்த வரலாறு வட அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது.

அந்நாட்டில் ஒகையோ ஆற்றுக்கு வடக்கே, அடர்ந்த காடுகளினிடையே, ஷானி என்னும் தொல்குடியினர் வாழ்ந்தனர். வேட்டையாடுதலும் மக்காச்சோளம் பயிரிடுதலும் அவர்தம் தொழில்கள். ஆற்றின் தென்கரையிலுள்ள கெண்டக்கியில் குடியேறிய வெள்ளையர்க்கும் அவர்க்கும் நிலங் காரணமாக அடிக்கடி போர் மூண்டது. 1786ஆம் ஆண்டில் கெண்டக்கிப் படைத்தலைவராகிய பெஞ்சமின் லோகன் என்பவர் ஷானியர் ஊர்கள் சிலவற்றைத் தீக்கிரையாக்கிப் பலரைச் சிறைபிடித்தார். அவர்களுள் ஸ்பெமிகா லாபா என்னும் சிறுவனும் ஒருவன். அவன்பால் அன்புகொண்ட தலைவர், தம் இல்லத்தில் வைத்துப் பேணிப் பின்னர் அவனை அவன் மக்களிடமே திருப்பி அனுப்பினார். அச்சிறுவன் அவ்வன்பை மறந்தானல்லன்; லோகன் என்னும் பெயரையே தன் பெயராகப் பூண்டான்.

ஆண்டுகள் சென்றன. 1795ஆம் ஆண்டில் ஷானித் தலைவர்கள் அமெரிக்க அரசோடு அமைதி உடன்படிக்கை செய்துகொண்டனர். 1812ஆம் ஆண்டில் அமெரிக்கர்க்கும் ஆங்கிலேயர்க்கும் போர் எழுந்தது. தம் மக்களின் நிலத்தைக் காக்கக் கருதிய டெக்கம்சே என்னும் ஷானிப் பெருவீரர் ஆங்கிலேயர் பக்கம் நின்றார். லோகனோ அமெரிக்கரோடு கொண்ட நட்பைப் போற்றி, அவர்தம் படையில் வேவு வீரராய் அமர்ந்தார். வேய்ன் கோட்டையிலிருந்த பெண்டிரையும் குழந்தைகளையும், பகைவர் சூழுமுன், நெடுந்தூரம் காட்டுவழியே அழைத்துச் சென்று காத்தார். கோட்டை முற்றுகையிடப்பட்டபொழுது, பகைவர் காவலைக் கடந்து உட்புகுந்து, துணைப்படை வருஞ் செய்தியை அறிவித்தவர்களுள்ளும் அவர் ஒருவராவார்.

அவ்வாண்டு நவம்பர்த் திங்களில், மௌமீ ஆற்றங்கரையில் வேவு பார்க்கச் சென்ற லோகன், பெரும் பகைக்கூட்டத்தைக் கண்டு பின்வாங்கித் திரும்பினார். அதனை அறியாத படை அதிகாரி ஒருவர், அவர் பகைவர்க்கு உளவானவர் எனப் பழி கூறினார். அச்சொல் லோகனின் நெஞ்சில் வேல்போல் தைத்தது. அவர் வாதாடவில்லை. தம் குலத்துத் தோழர் இருவரை உடன்கொண்டு மீண்டும் காடு புகுந்தார்.

அங்கே வினமாக் என்னும் தலைவனோடு வந்த பகைவர் எதிர்ப்பட்டனர். அவர்கள் தொகையில் மிக்கவர். எனினும் லோகனும் தோழரும் தக்க பொழுது நோக்கிப் பொருதனர். வினமாக் வீழ்ந்தான். லோகனோ உடலில் குண்டு பாய்ந்த நிலையிலும் குதிரை ஊர்ந்து பாசறையை அடைந்தார். அவர் புண்ணைக் கண்டபின் பழி கூறுவார் எவருமிலர். ஆயினும் அவரைக் காக்கும் மருந்தும் இல்லை. சில நாட்களில் அவர் உயிர் பிரிந்தது. படையினர் போர்வீரர்க்குரிய சிறப்போடு அவரை அடக்கம் செய்தனர்.

1828ஆம் ஆண்டில் இந்தியானாவில் எழுந்த லோகன்ஸ்போர்ட் என்னும் நகர் இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. எனினும், அந்நகர் எழுந்த சில ஆண்டுகளிலேயே ஒகையோவில் எஞ்சியிருந்த ஷானி மக்கள் தம் நிலத்தினின்றும் மேற்கே அகற்றப்பட்டனர். நன்றி மறவாத லோகன் பிறந்த குடிக்கு அந்நாடு காட்டிய நன்றி அதுவே. ஊருக்குப் பெயர் சூட்டுதல் எளிது; உயிர் ஈந்தவரின் மக்களுக்கு நீதி வழங்குதலே அரிது.