முடி சாய்த்த பத்திரிகையாளர்

பவேரியாவை விற்றல்ஸ்பாக் குலத்தவர் 1180 ஆம் ஆண்டு தொட்டு ஆண்டு வந்தனர். ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்த அம்முடி ஒரே இரவிற் சாய்ந்தது. சாய்த்தவர் படைத்தலைவர் அல்லர். தாடியும் மூக்குக்கண்ணாடியும் அணிசெய்த ஒரு பத்திரிகையாளர், நாடக விமரிசகர். கூர்ட் ஐஸ்னர் என்பது அவர் பெயர்.

1867 இல் பேர்லினில் யூத வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்த ஐஸ்னர், பேரரசரை இகழ்ந்தெழுதிய குற்றத்திற்காக இளமையிலேயே ஒன்பது மாதம் சிறையிருந்தார். 1910 முதல் மியூனிச் நகரில் வாழ்ந்தார். 1914 இல் போர் மூண்டபோது, ஜேர்மனி தாக்கப்பட்டதென்றே அவரும் நம்பினார். ஆவணங்களைத் துருவி ஆராய்ந்தபின் அந்நம்பிக்கை உடைந்தது. 1918 ஜனவரியில் ஆயுதத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியமையால் மீண்டும் சிறை, ஒக்டோபரில் விடுதலை.

நவம்பர் 7 ஆம் நாள், திடலிற் கூடிய பெருங்கூட்டத்தின் ஒரு பகுதியை, பார்வையிழந்த உழவர் தலைவர் காண்டோர்பர் உடன்வர, படைவீடுகளை நோக்கி நடத்திச் சென்றார். போரிற் சலித்திருந்த வீரர்கள் கூட்டத்தோடு கலந்தனர். மன்னர் மூன்றாம் லூட்விக் இரவோடிரவாக நகர் நீங்கினார். மறுநாள் ஐஸ்னர் முதலமைச்சர்!

எட்டு மணி நேர வேலை, பெண்களுக்கு வாக்குரிமை, பள்ளிகள்மீது திருச்சபை செலுத்திய மேற்பார்வையின் நீக்கம் ஆகியன அவ்வரசின் பேறுகள். எனினும் நாட்டின் பகையை அவர் தேடிக்கொண்டது வேறொன்றால். போர் தொடங்கிய நாட்களிற் பேர்லினிலிருந்த பவேரியத் தூதரகம் அனுப்பிய அறிக்கைகளை அவர் வெளியிட்டார். ஜேர்மன் அரசின் பொறுப்பை உலகறிய ஒப்புக்கொண்டாற் சமாதானம் கடுமை குறையும் என்பது அவர் கணிப்பு. பலரோ அவரைத் துரோகி என்றனர். அறிக்கைகளைச் சுருக்கி வெளியிட்டது பகைவருக்கு வாய்ப்பாயிற்று. உண்மைக்காக நின்றவர் முழுமையாகவே வெளியிட்டிருக்கலாம். தொழிலாளர் மன்றங்களா, சட்டசபையா என்ற வினாவுக்கும் அவர் தெளிந்த விடை தரவில்லை. உள்துறை அமைச்சர் அவுவரே அவருக்குப் போட்டியாளர்.

1919 ஜனவரித் தேர்தலில் 180 இடங்களுள் அவர் கட்சி பெற்றவை மூன்றே. பெப்ரவரி 21 ஆம் நாள், பதவி துறக்கும் உரையுடன் சபையை நோக்கி நடந்தார். வேறு வழியாகச் செல்லுமாறு உடனிருந்தோர் வேண்டியும் கேட்டிலர். 22 வயதினனான ஆர்கோ பிரபு பின்னிருந்து சுட்டான். ஐஸ்னர் வீதியிலேயே உயிர்நீத்தார்.

சிறிது நேரத்தில் சபையினுள் அவுவரும் சுடப்பட்டுப் படுகாயமுற்றார். ஏப்ரலில் மன்றங்களின் குடியரசு எழுந்தது. மே மாதத் தொடக்கத்தில் அது நசுக்கப்பட்டபோது நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஆர்கோவின் மரணதண்டனை ஆயுட்சிறையாகக் குறைக்கப்பட்டது. 1924 இல் அவன் வெளியே வந்தான். ஐஸ்னரின் அஸ்தி வைக்கப்பட்டிருந்த நினைவுச்சின்னத்தை 1933 இல் நாசிகள் தகர்த்தனர். அவர் சூட்டிய சுதந்திர அரசு என்னும் பெயரைப் பவேரியா இன்றும் தாங்கி நிற்கின்றது.