சரபோசி மன்னரின் மருத்துவப் பணி

காவிரியும் அதன் கிளையாறுகளும் பாய்ந்து நெல்வளம் கொழிக்கும் தஞ்சை நாட்டை மராட்டிய மன்னர் பலர் ஆண்டனர். அவருள் கலைக்கும் கல்விக்கும் மருத்துவத்திற்கும் பெருந்தொண்டு புரிந்தவர் இரண்டாம் சரபோசி ஆவார்.

இவர் 1777 ஆம் ஆண்டிற் பிறந்தார். துளசா மன்னர் தமக்கு மைந்தர் இல்லாமையால் 1787 இல் இவரை மகவாக ஏற்று, சுவார்ட்சு பாதிரியாரிடம் அடைக்கலமாக ஒப்புவித்துவிட்டு அவ்வாண்டிலேயே மறைந்தார். பின்னர் அரியணை ஏறிய அமர்சிங்கு, பத்து வயதுச் சிறுவராகிய சரபோசியை அரண்மனைக்குள் அடைத்து வைத்தார். எழுத்தறிவிப்பாரும் இலர், ஓடியாட இடமும் இல்லை. பாதிரியார் இதனைக் கும்பினியாரிடம் எடுத்துரைத்து, 1793 இல் அவரைச் சென்னைக்கு அனுப்புவித்தார். ஆங்கே சரபோசி ஆங்கிலமும் மேனாட்டுக் கலைகளும் கற்றுத் தேர்ந்தார். 1798 சூனில் அவர் முடி சூடினார். அக்காட்சியைக் காணப் பாதிரியாருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவ்வாண்டு பிப்ரவரியிலேயே அவர் உயிர் நீத்தார்.

முடி சூடிய மறு ஆண்டே நாடு கைவிட்டுப் போயிற்று. 1799 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஆட்சி கும்பினியாரைச் சேர்ந்தது. மன்னருக்குக் கோட்டையும், ஆண்டுக்கு ஓர் இலட்சம் வராகனும், நாட்டு வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே எஞ்சின. அந்நிலையில் அவர் கும்பினியாரிடம் மன்றாடிக் காக்க முயன்றவை சத்திரங்கள். இராமேசுவரம் செல்லும் நெடுவழியில் அவை அமைந்திருந்தன. 1801 இல் அவர் எழுதிய முடங்கல் ஒன்று அவற்றின் அறங்களை விரித்துரைக்கிறது. வழிப்போக்கர்க்கு உணவளித்ததோடு, நோயையும் வீக்கத்தையும் பாம்பு முதலியவற்றின் நஞ்சையும் தீர்க்க வல்ல மருத்துவரும் அங்கே இருந்தனர். கருவுற்ற மகளிர் பேணப்பெற்றனர். நெற்கதிர் அறுக்கையில் அரிவாள் பட்டும், வரப்பில் அரவம் தீண்டியும் துன்புறுவோர் மலிந்த நாட்டில் இஃது எத்துணைப் பெரிய உதவி! (நஞ்சுமுறி மருந்து அக்காலத்தில் இல்லை. இன்று அது மருத்துவமனைகளில் உண்டாதலின், பாம்பு கடித்தவரைச் சிறிதும் தாழாது அங்குக் கொண்டு செல்லுதலே முறை.) ஒரத்தநாட்டில் மன்னர் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம் இன்றும் அவர் பெயர் சொல்லி நிற்கிறது.

தஞ்சையில் அவர் தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தையும் நிறுவினார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, மேனாட்டு மருத்துவம் ஆகிய நான்கிலும் வல்லார் அங்கு ஒருங்கிருந்து பணி செய்தனர். ஒரு முறையினர் மற்றொரு முறையினரை இகழ்வது எக்காலத்தும் உள்ளதே. அவர்களை ஒரு கூரையின்கீழ் அமர்த்தியது அரிய செயல்.

அந்நாளில் நோயாளியின் நிலையை அறிதல் எளிதன்று. மார்பின் ஒலி கேட்கும் குழலை இலெனெக்கு என்னும் பிரெஞ்சு மருத்துவர் கண்டது 1816 இல். கைக்கடக்கமான வெப்பமானி வந்ததோ மன்னர் மறைந்து முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னர். ஆதலின் மருத்துவர் தம் விரலையும் கண்ணையுமே நம்பினர். நாடி, தொடுஉணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என்னும் எட்டினையும் தேர்ந்தே சித்த மருத்துவர் நோயைத் துணிவர். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றன் நடையையும் உணர்தல் நெடுநாட் பயிற்சியால் வருவது.

கைகண்ட மருந்துகள் சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரால் தமிழ்ச் செய்யுளாக்கப்பெற்றன. கண்ணோய், நீரிழிவு, புண், மகளிர் நோய், குழவி நோய் எனப் பிரிவுகள் பல. செய்யுளாயின் மனத்தில் நிற்கும். ஏடு கையில் இல்லாத சிற்றூர் மருத்துவருக்கும் பயன்படும். மூலிகைகளை வண்ண ஓவியங்களாகத் தீட்டுவித்ததும் மன்னரே.

கண் மருத்துவத்தில் அவர் கொண்ட ஆர்வம் தனிச் சிறப்புடையது. நோயாளியின் பெயர், நோயின் தன்மை, அளித்த மருந்து ஆகியவை தாள்களில் எழுதப்பெற்றன. பழுதுற்ற விழிகள் வண்ணத்தில் வரையப்பெற்றன.

காசி யாத்திரையின்போதும் அவர் சுவடிகள் தேடிச் சேர்த்தார். 1832 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இயற்கை எய்தினார். அவர் வளர்த்த சரசுவதி மகால் நூல்நிலையம் 1918 இல் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. பெயர் மட்டுமே தெரிந்த அந்நோயாளிகளின் விழிகள் தீட்டப்பெற்ற தாள்கள் அங்கே காக்கப்பெற்று வருகின்றன.