பழையதில் புதுமை கண்டவர்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

வீடியோ கேம் பற்றிப் பேச்செழுந்தால், படத்தின் தெளிவே பெரிதென்பர் என் விடுதி நண்பர்கள். எனக்கோ குன்பெய் யோகோய் நினைவுக்கு வருவார்.

1941இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் பிறந்த அவர், 1965இல் நின்டெண்டோவில் சேர்ந்தார். அன்று அது சீட்டுக்கட்டு செய்யும் நிறுவனம். இயந்திரங்களைப் பராமரிப்பதே அவர் வேலை. ஓய்வில் அவர் செய்த நீளும் கை பொம்மையைத் தலைவர் யமவுச்சி கண்டார். 1966இல் அது கடைக்கு வந்து, பத்து லட்சத்துக்குமேல் விற்றது.

ரயிலில் ஒருவர் கால்குலேட்டரை அழுத்திப் பொழுதுபோக்கக் கண்டார். 1980இல் 'கேம் அண்டு வாட்ச்' பிறந்தது. மலிந்துபோன தொழில்நுட்பத்தைப் புதுவழியில் ஆளுவதே அவர் கொள்கை. 1989இல் வந்த 'கேம் பாய்' கருவிக்கு வண்ணத்திரை இல்லை. ஆனால் விலை குறைவு. 4 பேட்டரிகளில் பல மணிநேரம் ஓடியது. வண்ணம் காட்டிய 'லிங்க்ஸ்', 'கேம் கியர்' ஆகியவை அதனிடம் தோற்றன. பின்வந்த வண்ண வகையும் சேர்த்து 11 கோடிக்குமேல் விற்றது.

1995இல் 'விர்ச்சுவல் பாய்' தோல்வியுற்றது. 1996இல் விலகித் தனி நிறுவனம் கண்டார். 1997 அக்டோபர் 4 அன்று சாலை விபத்தில் மறைந்தார், வயது 56.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் பிள்ளை நான். பழைய கடையில் வாங்கிய கால்குலேட்டரை வகுப்பில் எடுக்க வெட்கப்பட்டதுண்டு. அவர் வரலாறு அறிந்தபின் அவ்வெட்கம் அகன்றது.