கார்ன்ஃப்ளேக்ஸும் சுயஇன்பமும்: யார் இந்த டாக்டர் கெலாக்?

காலையில் பால் ஊற்றிச் சாப்பிடும் கார்ன்ஃப்ளேக்ஸ், சுயஇன்பத்தைத் தடுக்கவே கண்டுபிடிக்கப்பட்டது என்ற மீம் உங்கள் கைத்தொலைபேசிக்கும் வந்திருக்கலாம்.

பாதி உண்மை, பாதி கட்டுக்கதை. அந்த உண்மையான பாதிதான் சிரிக்க முடியாதது.

யார் அவர்?

ஜான் ஹார்வி கெலாக் 1852ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தார். செவந்த்-டே அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்துவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம்.

1875இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றார். மறு ஆண்டே பேட்டில் கிரீக் என்ற ஊரில் அந்தத் திருச்சபை நடத்திய சுகாதார நிலையத்துக்குத் தலைவரானார். அப்போது அவருக்கு வயது 24.

அவர் ஒண்ணும் போலி மருத்துவர் இல்லை. திறமையான அறுவை சிகிச்சை நிபுணர். சைவ உணவு, உடற்பயிற்சி, சுத்தமான காற்று எல்லாம் அவசியம் என்றார். புகையிலை ஆபத்து என்று பலருக்கும் முன்பே எச்சரித்தார். ஹென்றி ஃபோர்டு போன்ற பிரபலங்களும் அவருடைய நிலையத்துக்குச் சென்றிருக்கிறார்கள்.

அதனால்தான் அவர் சொன்னதை மக்கள் நம்பினார்கள்.

பயம் எங்கிருந்து வந்தது?

சுயஇன்பம் ஒரு நோய் என்ற எண்ணம் கெலாக்குக்கு முன்பே இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஆசிரியர் பெயர் இல்லாமல் ஒரு சிறுநூல் வெளிவந்தது. அது பயமுறுத்தியது, கூடவே அதற்கு மருந்தையும் விளம்பரப்படுத்தியது!

1760இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரைச் சேர்ந்த டாக்டர் டிசோ, அந்தப் பயத்துக்கு மருத்துவ விளக்கம் கொடுத்தார். விந்து வெளியேறினால் உடல் பலமும் போய்விடும், கண்பார்வை கெடும், மூளை பாதிக்கும் என்று எழுதினார். ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவர்கள் பலர் நூறு ஆண்டுக்கும் மேலாக அதை நம்பினார்கள்.

39 அறிகுறிகள்

கெலாக் 1877இல் பாலியல் வாழ்க்கை பற்றிய தமது புத்தகத்தை வெளியிட்டார். அது பலமுறை விரிவாக்கப்பட்டு, ஏராளமான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

பிள்ளைகள் ரகசியமாகச் சுயஇன்பம் செய்கிறார்களா என்று கண்டுபிடிக்க, பெற்றோருக்கு அதில் 39 அறிகுறிகளைப் பட்டியலிட்டார். அவற்றில் சில:

- முகப்பரு
- நகம் கடிப்பது
- தூக்கமின்மை
- கூச்ச சுபாவம்
- அளவுக்கு மீறிய தைரியம்
- தனிமையை விரும்புவது
- மிளகு, மசாலா மீது ஆசை

கூச்சப்பட்டாலும் சந்தேகம், தைரியமாக இருந்தாலும் சந்தேகம்! சம்பலும் பிரியாணியும் சாப்பிட்டு வளர்ந்த நாம் யாரும் அவரிடமிருந்து தப்பியிருக்க மாட்டோம்.

சிக்கலே இதுதான். பதின்ம வயதில் இருக்கும் எல்லாருக்கும் பொருந்தும் பட்டியல் எதையும் நிரூபிப்பதில்லை. சுயஇன்பம் செய்தும் ஆரோக்கியமாக இருப்பவர்களை அவர் கணக்கில் எடுத்து ஒப்பிடவே இல்லை.

பிள்ளைகளுக்கு என்ன நடந்தது?

கைகளைக் கட்டி வைப்பது, உறுப்பைச் சுற்றிக் கட்டுப்போடுவது போன்ற வழிகளை அவர் சொன்னார். சிறுவர்களுக்கு மயக்க மருந்து இல்லாமலேயே முன்தோலை அகற்றலாம் என்றார். அந்த வலி தண்டனைபோல மனத்தில் பதியுமாம். சிறுமிகளின் உறுப்பில் கார்பாலிக் அமிலம் தடவவும் பரிந்துரைத்தார்.

இல்லாத ஒரு நோய்க்கு இத்தனை சிகிச்சை. அந்த வலியைத் தாங்கியவர்கள் எதிர்த்துப் பேச முடியாத குழந்தைகள்.

இத்தனைக்கும் அவர் பிள்ளைகளை வெறுத்தவர் அல்லர். அவருக்கும் மனைவி எல்லாவுக்கும் சொந்தப் பிள்ளைகள் இல்லை. 40க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வீட்டில் வைத்து வளர்த்தார்கள். நல்லது செய்வதாகத்தான் அவர் நம்பினார்.

சரி, கார்ன்ஃப்ளேக்ஸ்?

காரமான உணவும் இறைச்சியும் பாலியல் உணர்ச்சியைத் தூண்டும், சப்பென்ற உணவு அதை அடக்கும் என்று கெலாக் எழுதியது உண்மை.

ஆனால் தானியத் துகள்களை உருவாக்கியதன் நோக்கம் வேறு. நோயாளிகளுக்கு எளிதில் செரிக்கும் உணவு தேவைப்பட்டது. 1894இல் அவரும் தம்பி வில்லும் ஆறிப்போன கோதுமை மாவை உருளையில் இட்டபோது அது துகள் துகளாக வந்தது. 1895இல் கெலாக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அந்த ஆவணத்தில் சுயஇன்பம் பற்றிய பேச்சே இல்லை.

சோளத் துகள் அதற்குப் பிறகு வந்தது. 1906இல் தனி நிறுவனம் தொடங்கிய தம்பி, அதில் சர்க்கரை சேர்த்து விற்றார். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. இருவரும் நீதிமன்றம்வரை போனார்கள்.

கடைசிக் காலம்

1907இல் திருச்சபை கெலாக்கை நீக்கியது. பிறகு அவர், மனித இனத்தைத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தலாம் என்ற யூஜெனிக்ஸ் கொள்கையில் தீவிரமாக இறங்கினார். இதிலும் அறிவியல் என்ற பெயரில் இன்னொரு பெரிய தவறு.

1943இல், 91 வயதில் காலமானார்.

ஐந்தே ஆண்டுகளில் ஆல்ஃபிரட் கின்சியின் ஆய்வு வெளிவந்தது. அதில் கலந்துகொண்ட ஆண்களில் சுமார் 92 விழுக்காட்டினர் சுயஇன்பம் செய்ததாகக் கூறினர். டிசோவும் கெலாக்கும் சொன்னது உண்மையென்றால், அவர்கள் எல்லாருக்கும் கண்பார்வை போயிருக்க வேண்டும்!

இன்று மருத்துவம் சொல்வது என்ன?

சுயஇன்பம் இயல்பானது. அதனால் பார்வை போகாது, பரு வராது, நரம்பு தளராது, பிற்காலத்தில் குழந்தை பிறப்பதும் தடைபடாது. படிப்பு, வேலை, உறவு பாதிக்கப்படும் அளவுக்குப் போனால் மட்டும் மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ பேசலாம்.

ஆனாலும் கெலாக்கின் பட்டியல் இன்னும் சாகவில்லை. ஞாபக மறதி, உடல் மெலிவு, சோர்வு என்று அடுக்கி, கடைசியில் மருந்து விற்கும் காணொளிகளை இன்றும் சமூக ஊடகங்களில் பார்க்கலாம்.

அடுத்தமுறை அப்படி ஒன்றைப் பார்த்தால் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: இந்த அறிகுறி யாருக்குத்தான் இல்லை?