மூன்று முறை திட்டம் மாற்றிய டாக்டர் ஐடா

படிப்பு முடிந்து எங்கே போவது என்று யோசிக்கும் தம்பி தங்கைகளும், ரிட்டையர் ஆகி இனி என்ன செய்வது என்று யோசிக்கும் மூத்தவர்களும் ஒன்றுகூடும் நாள் இது. இரு தரப்பாருக்கும் பொருந்துகிற ஒரு வாழ்க்கை, வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாருடையது.

1870 டிசம்பர் 9-ல் இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா. தாத்தாவும் அப்பாவும் அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரி மருத்துவர்கள். சித்தப்பா, பெரியப்பாமாரும் அதே ஊழியத்தில்தான். ஆனால் ஐடாவுக்கு அந்த வாழ்க்கையே பிடிக்கவில்லை. பஞ்சத்தைச் சின்ன வயசிலேயே பார்த்தவர் அவர். அமெரிக்காவில் படிச்சு, கல்யாணம் பண்ணிக்கிட்டு, அங்கேயே நிம்மதியா இருந்துடலாம் என்பதுதான் அவருடைய கணக்கு.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதால் 1890-ல் திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாள் கூட இருந்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. ஒருநாள் இரவு ஒரு பிராமணர் வந்து கதவைத் தட்டினார். அவருடைய மனைவி பிரசவ வேதனையில் இருந்தாள். ஐடா தன் அப்பாவைக் கூட்டிப்போகச் சொன்னார். ஆண் மருத்துவர் வேண்டவே வேண்டாம் என்று அவர் போய்விட்டார். அதே இரவில் ஒரு முஸ்லிமும் இன்னொரு இந்துவும் அதே காரணத்துக்காக வந்து, அதே பதிலோடு திரும்பினார்கள். பொழுது விடிந்ததும் மூன்று பெண்களும் இறந்துபோன செய்தி வந்தது. கடவுள் தன்னைத்தான் அழைக்கிறார் என்று ஐடாவுக்குத் தோன்றியது. ஜெபித்தார், அழுதார். கடைசியில் டாக்டருக்குப் படிக்கப் போவதாகப் பெற்றோரிடம் சொல்லிவிட்டார். கல்யாணக் கனவு அதோடு சரி.

1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-ன் தொடக்கத்தில் ஊர் திரும்பினார். அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து தொழில் பழகலாம் என்று நம்பி வந்தார். ஆனால் அந்த ஆண்டிலேயே அப்பா காலமாகிவிட்டார். வழிகாட்டியும் போனார், குடும்பத் தலைவரும் போனார். அந்தத் துக்கத்தோடேயே வேலூர் பங்களாவின் ஒரு சின்ன அறையில் ஒரே கட்டிலைப் போட்டு வைத்தியத்தை ஆரம்பித்தார். அம்மா மகளோடவே தங்கிவிட்டார். 1902-ல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். முதல் அணியில் 14 பேர் 1922-ல் தேறி வெளியே வந்தார்கள்.

உண்மையான சோதனை வயசான காலத்தில்தான் வந்தது. 1938-ல் சென்னை மாகாண அரசு எல்.எம்.பி. படிப்பை முடித்துக்கொண்டு, இனி எம்.பி.பி.எஸ். மட்டுமே என்றது. அதற்கேற்ற கட்டடம், பேராசிரியர்கள், படுக்கைகள் எதற்கும் பணமில்லை. இரண்டே வழி: பள்ளியை மூடுவது, அல்லது ஆண்களையும் சேர்த்துக்கொண்டு பல சபைகள் கூடி நடத்தும் பெரிய கல்லூரியாக மாற்றுவது. பெண்களுக்காக என்று சொல்லிப் பணம் திரட்டித் தந்த அமெரிக்கத் தோழியர் சிலருக்கு இது பெரிய மனவருத்தம். ஐடாவுக்கும் அது சொந்தக் கனவாச்சே! என்றாலும் பெண்கள் மட்டும் என்ற பிடியை அவர் தளர்த்தினார். 70 வயசில், 1941-ல், அமெரிக்கா போய்ப் போர்க்காலம் முழுக்க நன்கொடைக்காக ஊர் ஊராக அலைந்தார். 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்புக்கு அனுமதி கிடைத்தது. 1947-ல் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள்.

அதற்கு முன்பே, 1946-ல், பொறுப்பை விட்டு விலகிவிட்டார். டாக்டர் ஹில்டா லாசரஸ் பின்னர் அந்த நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். தான் கட்டிய வீட்டின் சாவியை இன்னொருவர் கையில் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். கொடைக்கானலில் ஓய்வாக வாழ்ந்து, 1960 மே மாதம் அங்கேயே இறைவனடி சேர்ந்தார்.

திருமணம், அப்பாவின் துணை, பெண்கள் மட்டும் படிக்கும் கல்லூரி என்று ஐடா போட்ட திட்டங்கள் மூன்றும் கைகூடவில்லை. அவருடைய வாழ்க்கை நம் முன் வைக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: அடுத்து யாருக்கு நான் தேவை? வேலை மாறும்போதும், பிள்ளைகள் வீட்டை விட்டுக் கிளம்பும்போதும், நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போதும் நாமும் அதைக் கேட்டுப் பார்க்கலாமே!