தேர்வு எழுதாத தமிழ்த்தென்றல்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

திரு.வி.க. என்னும் பெயரை நான் முதன்முதலில் பாடநூலில் படிக்கவில்லை. என் தந்தையாரின் சம்பளச் சீட்டில் படித்தேன். கிண்டியில் ஒரு லேத் பட்டறையில் அவருக்கு வேலை. சீட்டின் தலைப்பில் பட்டறையின் பெயருக்குக் கீழே திரு.வி.க. தொழிற்பேட்டை என்று அச்சிட்டிருக்கும். நெடுநாள் வரை அது யாரோ ஒரு முதலாளியின் பெயர் என்றே எண்ணியிருந்தேன். தாம்பரத்திலிருந்து நாள்தோறும் மின்ரயிலில் கல்லூரிக்கு வரும் நம்மில் பலர் கிண்டியைக் கடந்துதான் வருகிறோம். அடையாற்றின் மேலுள்ள திரு.வி.க. பாலத்தையும் கடந்திருப்போம். பாலத்துக்கும் பேட்டைக்கும் பெயரான அந்த மனிதர் யார் என்று கேட்டுப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? நானும் கேட்டவன் அல்லேன். நூலகத்தில் வேறு ஏதோ தேடப்போய், அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் என்னும் தடித்த நூல் கைக்கு வந்தது. 1944-இல் வெளிவந்த நூல். அதை எடுத்த நாளில் நான் படித்திருக்க வேண்டியது கரிம வேதியியல்!

திரு என்பது திருவாரூர். வி என்பது தந்தை விருத்தாசலனார். க என்பது கலியாணசுந்தரம். குடும்பத்தின் பூர்வீகம் திருவாரூரேயானாலும் அவர் பிறந்தது செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்னும் சிற்றூரில். இன்று அவ்வூருக்குத் தண்டலம் என்று பெயர். பிறந்த நாள் 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26. நம் தாம்பரமும் பல்லாவரமும் அந்நாளில் அதே செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவையே. ஆகவே அவர் நம் பக்கத்து மனிதர் என்று உரிமை கொண்டாடுவதில் தவறில்லை.

தொடக்கக் கல்வியைத் தந்தையாரிடமே பெற்றார். பிறகு குடும்பம் சென்னை இராயப்பேட்டைக்குக் குடிபெயர்ந்தது. 1891-இல் அங்கே ஒரு தொடக்கப்பள்ளியிலும், 1894-இல் வெஸ்லி பள்ளியிலும் சேர்ந்தார். சேர்ந்த சிறிது காலத்தில் நோய் வந்தது. கைகால்கள் முடங்கிப் போயின. நான்கு ஆண்டுகள் பள்ளிப் பக்கமே போக இயலவில்லை. 1898-இல் மீண்டும் புத்தகத்தை எடுத்தபோது, உடன் படித்தவர்கள் எங்கோ முன்னே போய்விட்டார்கள். தன்னினும் சிறிய பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிப்பது எத்தகைய வேதனை என்பது, ஓராண்டு வீணாகிப் போனவர்களுக்கு விளங்கும். நம் வகுப்பிலும் அத்தகையோர் இருக்கின்றனர். அவர்கள் பெரும்பாலும் கடைசி வரிசையில் அமர்வதை நான் கவனித்திருக்கிறேன். கலியாணசுந்தரமோ வகுப்பில் முந்தி நின்ற மாணவராகவே ஆறாம் படிவம் வரை வந்தார். அந்தப் படிவத்தின் இறுதியில் வரும் தேர்வுதான் கல்லூரிக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் வாயில். அந்த வாயில் அவர் கண்ணுக்கெதிரே திறந்திருந்தது.

அந்தப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை. அகராதி தொகுத்தவர், சைவ மேடைகளில் புயலெனப் பேசுபவர். அவரிடம் கலியாணசுந்தரத்துக்கு ஏற்பட்டது வெறும் மாணவப் பற்று அன்று. பக்தி என்றே சொல்ல வேண்டும். பள்ளி நேரத்துக்கு வெளியேயும் அவரிடம் போய்த் தமிழ் கற்றார்.

அக்காலத்தில் தமிழ்நாட்டைக் கலக்கிக்கொண்டிருந்தது அருட்பா மருட்பா வழக்கு. வடலூர் இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா எனலாமா, கூடாதா என்பது சண்டை. கூடாது என்ற கட்சியின் படைத்தலைவர் கதிரைவேற்பிள்ளை. எதிர்த்து நின்றவர்களுள் ஒருவர், அந்நாளில் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் ஆசிரியராக இருந்த மறைமலையடிகள். (இவரும் பின்னாளில் நம் பல்லாவரத்தில் வந்து குடியேறியவர், 1911 முதல் அவர் வாழ்வு அங்கேதான். அவர் பணியாற்றிய கல்லூரியோ அவர் விலகிச் சென்று பல ஆண்டுகள் கழித்து, 1937-இல் தாம்பரத்துக்கு வந்தது.) நூலிலும் மேடையிலும் நடந்த சண்டை 1904-இல் நீதிமன்றம் ஏறிற்று. ஆசிரியர் பக்கம் சாட்சி சொல்ல மாணவர் கலியாணசுந்தரம் போக வேண்டியதாயிற்று. வழக்கும் தேர்வும் மோதின. அவர் வழக்குக்குப் போனார். தேர்வு போயிற்று. கல்லூரி வாயிலும் அத்துடன் மூடிற்று.

அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தொன்று. அதாவது இன்று என் வயதுக்கு ஒன்று கூட.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் இருந்தேன். சென்ற பருவத்தில் நானும் ஒரு தாளை எழுதாமல் விட்டேன். காரணம் இவருடையதைப்போல் பெருமைக்குரியதன்று. தேதியைத் தவறாகக் குறித்துக்கொண்டேன், அவ்வளவே. ஆயினும் அந்த நாளில் வயிற்றில் விழுந்த கல் எப்படிப்பட்டது என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பொறியியலுக்கு இடம் கிடைக்கவில்லை. கிடைத்த பாடத்தில் சேர்ந்தேன். பன்னிரண்டு ஆண்டுகள் இரவு ஷிப்டுக்குப் போய் என்னைப் படிக்கவைத்த தந்தையிடம் தேதியை மாற்றிக் குறித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? கலியாணசுந்தரத்தின் வீட்டிலும் எதிர்பார்ப்புகள் இருந்திருக்குமே!

இன்னொன்றும் உண்டு. எந்த வழக்குக்காகத் தேர்வைத் துறந்தாரோ, அந்த வழக்கின் கொள்கையில் அவர் பின்னாளில் நிற்கவில்லை. 1929-இல் இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம் என்று வள்ளலாரைப் போற்றி ஒரு நூலே எழுதினார். எதிர்க்கட்சியில் நின்ற மறைமலையடிகளோடும் அன்பு பாராட்டினார். அப்படியானால் இருபத்தொரு வயதில் அவர் செய்த தியாகம் வீணா? நான் அப்படி எண்ணவில்லை. அவர் கொள்கைக்காகப் போகவில்லை, ஆசிரியருக்காகப் போனார் என்றே எனக்குப் படுகிறது. கொள்கை மாறியபோதும் ஆசிரியரிடத்து அன்பு மாறவில்லை. கதிரைவேற்பிள்ளை 1907-இல் மறைந்தார். மறு ஆண்டே அவருடைய வரலாற்றை எழுதி வெளியிட்டார். திரு.வி.க.வின் முதல் நூல் அதுதான்.

தேர்வைத் தவறவிட்டவரைத் தமிழ் உடனே தூக்கி அரியணையில் வைத்துவிடவில்லை. மேடைப் பேச்சாளர்கள் பலர் அப்படித்தான் கதை சொல்கிறார்கள், நண்பர்கள் நம்பவேண்டாம். மயிலை தணிகாசல முதலியாரிடம் வடமொழியும் சைவ நூல்களும் பயின்றார். ஆனால் வயிற்றுக்கு வழி வேண்டுமே! ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கராகச் சேர்ந்தார். நாளெல்லாம் வெள்ளைக்கார நிறுவனத்தின் கணக்கேடு. உள்ளத்திலோ தமிழும் சைவமும். வங்கப் பிரிவினையை ஒட்டித் தேசியக் கிளர்ச்சி எழுந்து, திலகரின் பெயர் நாடெங்கும் முழங்கிய காலம் அது. 1907-இல் விபின சந்திரபாலர் சென்னைக் கடற்கரையில் பேசியபோது மாணவருலகமே திரண்டது. அந்தக் காற்றில் அகப்பட்டவருக்கு ஸ்பென்சர் வேலை நிலைக்கவில்லை. பின்னர் 1910-இல் ஆயிரம் விளக்கிலிருந்த வெஸ்லியன் தொடக்கப்பள்ளியில் ஆசிரியரானார். ஆறாண்டுகள் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். அதன்பின் வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியர் பதவி கிடைத்தது. தேர்வு எழுதாமல் வெளியேறிய அதே வெஸ்லி நிறுவனத்தார் அவரைக் கல்லூரித் தமிழுக்கே தலைவராக்கினர்.

அத்துடன் நின்றிருந்தாலும் அது நல்ல வாழ்வே. கௌரவமான வேலை, மாதச் சம்பளம். நம் பெற்றோர் நமக்காக வேண்டிக்கொள்வது இதைத்தானே! ஆனால் 1917-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள், வேலையை விட்டுத் தேசபக்தன் நாளிதழின் ஆசிரியராக அமர்ந்தார். வயது முப்பத்துநான்கு. பள்ளித் தேர்வைத் தவறவிட்ட 1904-லிருந்து எண்ணினால் பதின்மூன்று ஆண்டுகள். இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு முதலில் அச்சம் வந்தது. இன்னும் பதின்மூன்று ஆண்டுகளா? பிறகு ஒருவகை ஆறுதலும் வந்தது. இருபது வயதில் எல்லாவற்றையும் முடிவுகட்டியாக வேண்டும் என்று நமக்குச் சொன்னவர் யார்?

அவர் தம் இடத்தைக் கண்டுகொண்டது இங்கேதான். அன்றைய அரசியல் ஆங்கிலத்தில் நடந்தது. தமிழ்ப் பத்திரிகைகளோ ஆங்கிலச் சொற்களையும் வடசொற்களையும் வாரிக் கொட்டின. படித்தவர் கூட்டத்துக்கு மட்டுமே விளங்கிய அரசியலைத் தெருவுக்குக் கொண்டுவரத் தெளிந்த தமிழ் தேவைப்பட்டது. சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆறு ஆண்டுகளும் சைவ மேடைகளில் பேசிய பழக்கமும் அப்போது கைகொடுத்தன. எளிய சிறு வாக்கியங்கள், நல்ல தமிழ்ச் சொற்கள், ஓடை நீர் போன்ற ஓட்டம். காந்தியடிகள் என்று நாம் இன்று இயல்பாகச் சொல்கிறோமே, அந்த வழக்கை நிலைநாட்டியவர் அவரே என்பர். தேசபக்தனில் இரண்டரை ஆண்டுகள்; பின்பு 1920 அக்டோபரில் நவசக்தி. அங்கே 1923-இல் துணையாசிரியராக வந்து சேர்ந்த இளைஞர் கல்கி கிருஷ்ணமூர்த்தி. அவரும் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்வதற்காக 1921-இல் பள்ளி இறுதித் தேர்வு எழுதாமல் வெளியேறியவர்! தேர்வு எழுதாத ஆசிரியர், தேர்வு எழுதாத துணையாசிரியர். அந்த அலுவலகத்தில் தமிழ்நாட்டின் உரைநடை வளர்ந்தது.

இதைப் படித்துவிட்டுத் தேர்வே வேண்டாம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். இவ்விருவரும் படிப்பை விடவில்லை, தேர்வைத்தான் விட்டார்கள். நம்மில் சிலர் செய்வது நேர்மாறாக அல்லவா இருக்கிறது?

எழுத்தோடு அவர் நிற்கவில்லை. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர் படும் துயரம் அவரை இழுத்தது. அவர்கள் கூடிய இடம் வேங்கடேச குணாமிர்த வருஷணி சபை என்னும் பஜனைச் சபை. நடத்தியவர்கள் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும். உணவு இடைவேளை போதவில்லை என்பது போன்ற குறைகளை அங்கேதான் கூடிப் பேசினர். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைப் போற்றுவர். வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவருள் ஒருவர். 1921 வேலைநிறுத்தத்தின்போது ஆளுநர் வெலிங்டன் அவரை எச்சரித்தார். நாடு கடத்துவார்கள் என்ற பேச்சும் எழுந்தது. அவர் அசையவில்லை. விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டிலேயே, காங்கிரஸ் ஆட்சியிலேயே, தொழிலாளர் பக்கம் நின்றதற்காக வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். கட்சிக்காகத் தொழிலாளரை விட்டுக்கொடுக்காத உறுதி அது.

வீட்டு வாழ்வு அவருக்கு நெடுநாள் வாய்க்கவில்லை. 1912-இல் கமலாம்பிகையை மணந்தார்; அவருக்குத் தமிழ் கற்பித்தார். பிறந்த இரு குழந்தைகளும் தங்கவில்லை. 1918 செப்டம்பரில் மனைவியும் மறைந்தார். சங்கம் தொடங்கி ஐந்து மாதங்கூட ஆகாத நேரம். மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1927-இல் பெண்ணின் பெருமை என்னும் நூலை எழுதினார். பெண்ணைத் தாய், மனைவி என்ற நிலைகளிலேயே மிகுதியும் உயர்த்தும் அந்நூலில் இன்றைய மாணவியர் சில பக்கங்களோடு சண்டையிடுவர். என் வகுப்புத் தோழி ஒருத்தி சண்டையிட்டாள். அவள் பக்கம் நியாயம் இருந்தது. ஆயினும் பெண் கல்விக்கும் கைம்பெண் மறுமணத்துக்கும் அந்நாளில் இவ்வளவு உரத்துக் குரல் கொடுத்தவர் சிலரே.

முதுமையில் கண்ணொளி போயிற்று. அப்போதும் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். அந்நூல்களுக்கு அவர் வைத்த பெயர்களைப் பாருங்கள்: முதுமை உளறல், படுக்கைப் பிதற்றல். தம்மைத் தாமே கேலி செய்துகொள்ள அவருக்குத் தெரிந்திருந்தது. 1953 செப்டம்பர் 17-இல் மறைந்தார். கல்லூரிப் படி ஏறி மாணவராக அமராத அவர் பெயரில் திருவாரூரில் இன்று ஓர் அரசு கலைக் கல்லூரி நடக்கிறது, நம் கல்லூரியைப் போலவே.

இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தையாரிடம் சொன்னேன். பேட்டையின் பெயருக்கு உரியவர் தொழிலாளருக்காக நின்றவர் என்பதை அவர் மே தினக் கூட்டங்களில் கேட்டிருக்கிறார். அவர் என்ன படித்தவர் என்று மட்டும் கேட்டார். பள்ளி இறுதித் தேர்வு எழுதவில்லை என்றேன். அந்த வாக்கிலேயே, நான் விட்டுவிட்ட தாளைப் பற்றியும் சொல்லிவிட்டேன். தந்தையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, அதை மறுபடி எப்போது எழுத விடுவார்கள் என்று கேட்டார். ஏப்ரல் என்றேன். எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய நாள்காட்டியை எடுத்துவந்து, தேதியைத் தம் கையாலேயே குறித்துக்கொண்டார்.